ரொட்டி பாயின் கட்டைவிரல்

இப்படிப்பட்ட அனுபவக் குறிப்புகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். எனக்கு இருபத்தொன்பது வயது. ஓய்வு பெற இன்னும் முப்பத்தொரு வருடம் இருக்கிறது. ஆனால் இந்தக் கிளினிக்கின் பிசியோதெரபி பிரிவில் எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். அடுத்த வாரம் நானும் போகிறேன். புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இந்த அறையைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லை. அதனால் என்னையே ஓய்வு பெற்றவளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி முறைகள், படிவங்கள், எந்தக் கருவியை எங்கே சொருகுவது என்பதெல்லாம் நீலக் கோப்பில் இருக்கின்றன. அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். ஒரே ஒரு நல்ல யோசனையால் ஒரு எஸ்டேட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் நான் எப்படிக் கெடுத்தேன் என்பது.

முதலில் என் திமிரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் முடித்ததில்லை. அப்பா ரெம்பியா பக்கத்து எஸ்டேட்டில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுகிறவர். என் பட்டமளிப்புப் படத்தை அவர் எவ்வளவு பெரிதாக அச்சடித்தார் என்றால், அது எந்தச் சுவரிலும் அடங்கவில்லை. அலமாரியை வெளியே எடுத்துவிட்டுப் படத்தை அந்த இடத்தில் நிறுத்தினார். என் வேலை என்ன என்று கேட்கிறவர்களிடம் "எக்சர்சைஸ் டாக்டர்" என்பார். உடம்பில் எந்த இடத்துக்கு என்று கேட்டால், "பொதுவா" என்பார்.

நோயாளிகளுக்கு நான் மிஸ்ஸி. இங்கே நர்சுகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நான் மிஸ்ஸி இல்லை என்று முதல் வருடம் முழுவதும் திருத்தினேன். இரண்டாம் வருடம் பாதியில் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் கசிகிறது என்று சொல்லிக்கொண்டு யாரும் நம் அறைக்குள் வர மாட்டார்கள். முதுகு வலி என்று வருவார்கள். இருபது நிமிடம் முதுகைக் காட்டுவார்கள். கிளம்பும்போது கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பி, "அப்புறம் மிஸ்ஸி, இன்னொரு சின்ன விசயம்" என்பார்கள். ஆகவே கதவு சாத்துகிறவரை அடுத்த எண்ணைக் கூப்பிடாதீர்கள்.

கஸ்தூரியும் கதவருகே நின்றுதான் சொன்னாள்.

"தும்முனா வருது. சிரிச்சா வருது. பஸ்ஸு பள்ளத்துல எறங்குனா ஊத்துது."

"எவ்ளோ நாளா?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து. அஞ்சு மாசம்."

"வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சொல்ற விசயமா மிஸ்ஸி இது?"

கதவைச் சாத்திவிட்டு மறுபடி உட்காரச் சொன்னேன். லூபோக் சீனாவைத் தாண்டி ஒரு செம்பனை எஸ்டேட்டில், இன்னும் ஆள் குடியிருக்கும் ஒரே லயத்தில், ஒன்பது வீடுகள் ஒட்டிக் கிடக்கும் வரிசையில், அவள் வீடு. மின்னணுச் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்து, போன வருடம்தான் லைன் லீடர் ஆகியிருந்தாள். பதினெட்டுப் பேர் அவளுக்குக் கீழே. மற்றவர்களுக்கு வெள்ளைத் தொப்பி, அவளுக்கு மஞ்சள். பிரசவ விடுப்பு முடிந்து போன வாரம் முதல் நாள் வேலைக்குப் போனபோது, தொழிற்சாலை பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் சீருடையின் கால்சட்டை வெளிர் நீலம். சிறிது தூரம் போனதுமே தலைவலி என்று சொல்லி இறங்கி, பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்தே வீடு திரும்பியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு சம்பளமில்லாத விடுப்பு. மேலாளர் மூன்று மாதம் கொடுத்திருந்தார். அதற்குள் திரும்பாவிட்டால் மஞ்சள் தொப்பி வேறொருத்திக்கு.

"எங்க எஸ்டேட்டுலேர்ந்து லைன் லீடரா போன மொத ஆளு நாந்தான் மிஸ்ஸி," என்றாள். "பஸ்ஸு ஒரு மணி நேரம். நடுவுல நிக்காது. எனக்கு அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேணும்."

மொத ஆளு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இவளைச் சரிசெய்யாமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். நோயாளியிடம் உங்களையே பார்க்க ஆரம்பித்தால், அதன்பிறகு நோயாளியைப் பார்க்க மாட்டீர்கள்.

இடுப்பின் அடித்தளத்தில் தொட்டில்போல் கிடக்கும் தசைகளைப் பற்றிப் படம் வரைந்து சொன்னேன். இழுத்துப் பிடிக்கவும் விடவும் கற்றுக்கொடுத்தேன். நன்றாகவே செய்தாள். அவளுடைய சிக்கல் ஞாபகம்தான். இரண்டு பிள்ளைகள், மாமியார், கணவர், நடுவில் பயிற்சி செய்வதையே மறந்துவிடுகிறாள். பல் துலக்கும்போது செய்யச் சொன்னேன். அப்போது குழந்தை இடுப்பில் இருக்கிறது. கைப்பேசியில் அலாரம் வைக்கச் சொன்னேன். கைப்பேசி நாள் முழுக்க மூத்தவன் கையில் கார்ட்டூன் பார்க்கிறது. கோயில் மணி அடிக்கும்போது என்றேன்.

"சாமி மணிக்கு இதையா செய்யச் சொல்றீங்க?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரி, வேற என்ன சத்தம் தினமும் கேக்கும்?"

யோசித்தாள். "ரொட்டி பாய் வருவாரு. காலையில ஒன்பது மணி, சாயங்காலம் அஞ்சு மணி. மழை பேஞ்சாலும் வருவாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கண்ணாடிப் பெட்டி கட்டி, காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, தேங்காய் பன், பாக்கெட் நொறுக்குத் தீனி எல்லாம் தொங்கவிட்டு, லயத்துக்கு லயம் ஹாரன் அடித்துக்கொண்டு வருபவர்கள் இன்னும் சில எஸ்டேட்டுகளில் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தவறாத நேரத்தில், யாரும் அணைத்துவிட முடியாத அலாரம்.

"பாய் ஹாரன் அடிச்சா, என்ன வேலை செஞ்சாலும் அப்படியே நின்னுடுங்க. இழுத்துப் பிடிங்க. பத்து எண்ணுங்க," என்றேன்.

கவனியுங்கள். விடு என்று நான் சொல்லவில்லை. அறைக்குள் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்தான். ஆனால் ஹாரனோடு நான் கட்டிவிட்டது இழுப்பதை மட்டும்.

இரண்டு வாரத்தில் கஸ்தூரி தும்மிக் காட்டினாள். மிளகுப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுவந்து, என் முன்னால் மோந்து, மூன்று தடவை தும்மிவிட்டு, "ஒன்னுமில்ல!" என்றாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன். அன்று மத்தியானமே ஒரு சுவரொட்டி வரைய ஆரம்பித்தேன். நடுவில் ரொட்டி மோட்டார், சுற்றிலும் புன்னகைக்கும் தாய்மார்கள். கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேச என்ன நிறத்தில் புடவை கட்டுவது என்பதுவரை போய்விட்டேன்.

ஐந்தாவது வாரம் அவள் வந்தபோது முகம் வாடியிருந்தது.

"திரும்ப வருது மிஸ்ஸி. முன்னவிட மோசம். இப்ப கொழந்த தும்முனாகூட எனக்கு வருது."

"ஒழுங்கா செய்றீங்களா?"

"செய்றேன்."

"அப்ப இன்னும் நல்லா இழுத்துப் பிடிங்க," என்றேன்.

இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை இந்த அறையில் நான் சொன்னதில்லை.

அடுத்த வாரம் வெளிநோயாளர் பிரிவிலிருந்து ஒரு கட்டைவிரலை அனுப்பிவைத்தார்கள். வலது கை, வீக்கம், மணிக்கட்டு வரை வலி. அதோடு ஓர் ஐம்பது வயது மனிதரும் வந்திருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, சட்டையில் தேங்காய்ப்பூ வாசனை.

"எப்படிங்க வலி வந்துச்சு?"

"ஹாரன் மிஸ்ஸி."

"ஹாரனா?"

"அமுக்கி அமுக்கி. ரொட்டி யாவாரம். முன்னெல்லாம் ஒரு லயத்துக்கு ரெண்டு அமுக்கு அமுக்குனா போதும், புள்ளகுட்டியோட ஓடி வருவாங்க. ஒரு எஸ்டேட்டுல மட்டும் இப்ப ஒரு மாசமா எவளும் வெளிய வர்றதில்ல. இருபது அமுக்கு, முப்பது அமுக்கு. கை என்னத்துக்கு ஆவும், சொல்லுங்க."

"ஒருவேளை வீட்ல இல்லையோ?"

"இருக்காங்க லா! சன்னல்ல தெரியுதே! கரண்டிய கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. துணி காயப் போட்டவ, துணிய தூக்குன கையோட நிக்கிறா. என்னையே பாக்குறாங்க. கண்ணு இமைக்குது. ஆளு அசைய மாட்டேங்குது. நானும் விடாம அமுக்குறேன். நான் அமுக்க அமுக்க இன்னும் வெறப்பா நிக்கிறாங்க. ஒரு கெழவி பல்லக் கடிச்சிக்கிட்டு எண்றா மிஸ்ஸி. ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்றா. எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு."

என் கையிலிருந்த பென்சில் நின்றுவிட்டது.

"எந்த எஸ்டேட்டுங்க?" என்றேன், குரலை மெதுவாக்கி.

சொன்னார். அதேதான்.

"காயா கம்மியா தடவுறேன்னு கோவமோன்னு ரெண்டு மடங்கா தடவிப் பாத்தேன். அப்புறம் எவனோ செய்வினை வச்சிட்டான்னு ஓதிப் பாத்தேன். அங்க உள்ள ஆம்பளைங்களுக்கும் ஒன்னும் புரியல. ஒருத்தன் சொல்றான், 'பாய், நீங்க ஹாரன் அடிச்சா எம் பொண்டாட்டி திட்டுறத பாதில நிறுத்துறா, தயவுசெஞ்சி இன்னும் ரெண்டு நேரம் வாங்க'ங்கிறான்."

நீங்களாக இருந்தால் அந்த நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. ஒரே ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பயிற்சி லயம் முழுக்கப் போயிருக்கிறது. எஸ்டேட்டில் மருந்து எண்ணெய் ஒரு வீட்டில் வாங்கினால் ஒன்பது வீட்டு முழங்காலுக்கும் போகும். இதுவும் அப்படித்தான் போகும் என்று, எஸ்டேட்டில் பிறந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் ஹாரன் கேட்டதும் இழுத்துப் பிடிக்கிறார்கள். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த ஹாரன். விடுவதே இல்லை. ஆள் வரவில்லையே என்று இவர் மேலும் அடிக்கிறார். அவர்கள் மேலும் இழுக்கிறார்கள். கஸ்தூரியின் தசை ஏன் அலுத்துப்போனது என்பதற்கு விடை, என் மேசைமேல் வீங்கிக் கிடக்கும் ஒரு கட்டைவிரல்.

அவரிடம் எதையும் விளக்க முடியாது. ஒன்பது பெண்களின் ரகசியம் அது. அதேசமயம் ஹாரன் இன்று சாயங்காலமே நின்றாக வேண்டும். விரலை அசைத்துப் பார்த்தேன். "ஸ்ஸ்" என்றார். அப்போதுதான் கண்டுகொண்டேன், அவருக்குத் தர வேண்டிய சரியான சிகிச்சையும் அதுவே.

"விரலுக்கு ஓய்வு வேணும் பாய். மூணு வாரம் ஹாரன் தொடக் கூடாது."

"ஹாரன் இல்லாம ரொட்டி யாவாரம் எப்படி?"

"வாயால கூப்புடுங்க."

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டு, தொண்டையைச் செருமி, "ரொட்டீ... ரொட்டீ..." என்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். வெளியே காத்திருந்தவர்களில் நாலு பேர் சில்லறையோடு எட்டிப் பார்த்தார்கள். நம்பிக்கையோடு கட்டுப்போட்ட கையை ஆட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் கஸ்தூரியை வரச் சொன்னேன். இரவு முழுக்க ஒரு வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது: "சில பேருக்கு இப்படி ஆகும், பயப்பட வேண்டாம்." பொய்யும் இல்லை. கௌரவமும் போகாது. அலமாரி இருந்த இடத்தில் நிற்கும் படத்துக்கும் எதுவும் ஆகாது.

அவள் உட்கார்ந்தாள். சோதித்துப் பார்த்தேன். இழுக்கச் சொன்னேன். இழுக்க அங்கே மிச்சமே இல்லை. ஏற்கெனவே இழுத்தபடி இருந்தது. விடச் சொன்னேன்.

"வுட்டுட்டேனே," என்றாள்.

விடவில்லை. விடுவது எப்படி என்பது உடம்புக்கு மறந்துபோயிருந்தது. நாள் முழுக்க முஷ்டியை மூடியே வைத்திருந்தால், ஒரு பொருள் விழும்போது எட்டிப் பிடிக்க முடியுமா? கை ஏற்கெனவே மூடியல்லவா இருக்கிறது?

தயாராக இருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் சரியா செய்யல மிஸ்ஸி. நீங்க சொன்ன பெறகு இன்னும் நல்லா இழுத்தேன். பாய் வராத நேரத்துலயும் மனசுக்குள்ளயே ஹாரன் அடிச்சிக்கிட்டு இழுத்தேன். இருந்தும் வருது. எனக்கு இது அமையல."

"தப்பு உங்களோடது இல்ல," என்றேன். "என்னோடது. இழுக்க மட்டும் சொன்னேன், விடச் சொல்லல. மோசமாச்சுன்னு நீங்க வந்தப்பவும் பாக்காம இன்னும் இழுங்கன்னேன். தசை அலுத்துப் போச்சு. நான் சொன்னதாலதான் இப்படி ஆச்சு."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க ஃபேக்டரில ஒன்னு சொல்லிக் குடுப்பாங்க," என்றாள். "மெஷின் செட்டிங் தப்பா இருந்தா ஆப்பரேட்டர திட்டக் கூடாது. மொதல்ல லைன நிறுத்தணும். தப்பு பீஸ் மேல மேல வந்துகிட்டே இருந்தா, அது லைன் லீடரோட தப்பு." பிறகு, "ஆறு வாரம் நான் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் மிஸ்ஸி," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. லைன நிறுத்துங்க. இன்னும் ஆறு வாரம் இருக்கு," என்றாள்.

நான் பட்டம் வாங்கியவள். லைனை நிறுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் பதினைந்து வயதில், மூன்றாம் படிவ வகுப்போடு பள்ளியை விட்டவள். நோயாளி "நான் சரியா செய்யல" என்று சொன்னால், அதை ஆமோதிக்கும் முன் நாம் என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு வசதியாக அவர்கள் பழியை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது நம்மைக் கெடுத்துவிடும்.

அந்த ஞாயிறு எஸ்டேட்டுக்குப் போனேன். கோயில் மண்டபத்தில் மாதர் கூட்டம் என்று சொல்லி ஆண்களைத் துரத்தியிருந்தார்கள். ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்பது பெண்கள். முன் வரிசையில் கஸ்தூரியின் மாமியார் பாக்கியம். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிய கிழவி இவர்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மருமக நின்னுக்கிட்டே என்னமோ எண்றாளேன்னு கேட்டேன். சொன்னா. நல்ல வெசயத்த வீட்டு வீட்டுக்குத் தனியா மீட்டர் போட்டு வச்சுக்க முடியுமா? எல்லாருக்கும் சொன்னேன்," என்றார் பெருமையாக.

"பாய் இப்ப வாயால கத்துறாரே மிஸ்ஸி," என்றாள் பின்னால் ஒருத்தி. "அதுக்கும் இழுக்கணுமா?"

"எதுக்கும் இழுக்க வேணாம். இன்னிக்கு விடறதுக்குத்தான் கத்துக்கப் போறோம்."

பாக்கியம் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "முப்பது வருசமா வுட்டுக்கிட்டுத்தான இருந்தேன்? வுடறதுக்கு ஒரு மிஸ்ஸி வந்து சொல்லித் தரணுமா?"

மண்டபம் சிரித்த சிரிப்பில் மூன்று பேர் எழுந்து வெளியே ஓடினார்கள். கஸ்தூரி ஓடவில்லை. சிரிக்கவும் இல்லை. உதட்டை இறுக்கி மூடி, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த ஆறு வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கசிவுக்குப் பயந்து சிரிப்பை நிறுத்தியிருந்தாள். என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இரண்டு வாரம் இழுக்கும் பயிற்சியே இல்லை. மூச்சை விட்டுத் தளர்த்துவது மட்டும். பிறகு கொஞ்சமாக இழுப்பது, அதே அளவு நேரம் விடுவது. கடைசியில், பஸ்ஸுக்கான பயிற்சி. பள்ளம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் இழுக்க வேண்டும், தாண்டியதும் விட வேண்டும். அதற்குப் பள்ளம் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். கஸ்தூரி கணவரின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போய், தொழிற்சாலை வரைக்கும் உள்ள பதினேழு பள்ளங்களையும் ஆறு வேகத்தடைகளையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். கணவர் எதற்கு என்று கேட்டதற்கு, "ஆஃபீஸ் வேல" என்றாளாம். வீட்டில் அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார, பாக்கியம் பின்னால் நின்று பட்டியலைப் பார்த்து நாற்காலியை உலுக்குவார். "கோயில் வளைவு! இழு! தாண்டியாச்சு, வுடு! பாலம் வருது, ரெண்டு குழி, இழு!" மருமகளை உலுக்குவதற்கு அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் பட்டியலில் இல்லாத பள்ளங்களையும் சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையில் கட்டைவிரல் குணமாகிவிட்டது. கடைசி நாளன்று ரொட்டி பாய் எழுந்து போகாமல் கதவருகே நின்றார்.

"மிஸ்ஸி, இன்னொரு சின்ன விசயம்."

"சொல்லுங்க பாய்."

"யாவாரம் திரும்ப நல்லாயிருக்கு. என்னா ஏதுன்னு நான் கேக்க மாட்டேன்." தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "எங்க வீட்டம்மாவுக்கு நாலு புள்ள. கல்யாண வீட்டுக்கு வர மாட்டேங்கிறாங்க. பஸ்ஸு ஏற மாட்டேங்கிறாங்க. பத்து வருசமா முதுகு வலிங்கிறாங்க. கூட்டிக்கிட்டு வரலாமா?"

கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் எவ்வளவு தெரிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கஸ்தூரி வேலைக்குத் திரும்பும் நாள் வந்தது. மத்தியான ஷிப்ட். "கூட வர்றீங்களா மிஸ்ஸி? பஸ்ல மட்டும்," என்று கேட்டிருந்தாள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். காலையில் லயத்துப் பெண்களுக்கு இடுப்பு எலும்பின் பிளாஸ்டிக் மாதிரியைக் காட்டிவிட்டு, அதைப் பையில் போட்டுக்கொண்டு எஸ்டேட் சாலை பிரியும் சிம்பாங்கில் அவளோடு நின்றேன். மஞ்சள் தொப்பியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"புதுசா?" என்றார் பஸ் டிரைவர் என்னைப் பார்த்து.

"ஆமாண்ணே, புதுசு," என்றாள் கஸ்தூரி. நான் என் பட்டத்தை நினைத்துக்கொண்டு ஏறினேன்.

கோயில் வளைவு தாண்டியது. பாலம் தாண்டியது. அவள் உதடு மட்டும் அசைந்தது. நானும் கூடவே இழுத்தேன், கூடவே விட்டேன். பன்னிரண்டாவது பள்ளம்வரை ஒன்றுமில்லை. ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய நேர்ச்சாலை, அங்கே பள்ளமே கிடையாது. அவள் தோள் தளர்ந்தது. அப்போது முதலை அளவுக்கு ஓர் உடும்பு சாலையின் குறுக்கே, யாருக்கும் அவசரப்படாமல் நடந்து வந்தது.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். உடும்பு பட்டியலில் இல்லை. என் பை பறந்தது. பையிலிருந்து இடுப்பு எலும்பு வெளியே விழுந்து, நாற்பது பேர் பார்க்க, இருக்கைகளுக்கு நடுவே உருண்டு உருண்டு போய் டிரைவரின் காலடியில் நின்றது. அவர் அதைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்னால் திரும்பினார்.

"யம்மா, ஒரு பிரேக்குதான் போட்டேன். யாரோடது இது?"

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு பஸ் முழுக்க. நான் நடந்து போய், "என்னோடது," என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். "பாத்து லா தங்கச்சி, மாட்டிக்கிட்டு ஒக்காருங்க," என்றார் அவர்.

திரும்பி வந்தபோது கஸ்தூரி சிரித்துக்கொண்டிருந்தாள். முன் இருக்கையின் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வழிய, மூச்சு வாங்கி, மறுபடி என் கையில் இருந்த எலும்பைப் பார்த்து, மறுபடி சிரித்தாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மிச்சம் இருந்த ஐந்து பள்ளங்களை அவள் எண்ணவும் இல்லை.

தொழிற்சாலை வாசலில் எல்லோரும் இறங்கும்வரை அவள் உட்கார்ந்தே இருந்தாள். அந்த பஸ் உடனே காலியாகத் திரும்பிப் போகும். வீட்டுக்குப் போக வேண்டுமானால் எழாமல் இருந்தால் போதும். மெதுவாக எழுந்தாள். இருக்கையைத் தடவிப் பார்த்தாள். தன்னையும்.

"ரெண்டு சொட்டு இருக்கும்," என்றாள்.

எனக்கு ஆறுதல் வாக்கியங்கள் ஏழெட்டு வந்தன. ஒன்றையும் பேசாமல் நின்றதுதான் அந்த மூன்று மாதத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று நினைக்கிறேன். முடிவு அவளுடையது.

பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். "ரெண்டு சொட்டுக்கு ஒரு பேட் போதும்ல? ரெண்டு சொட்டுக்காக எட்டு வருசத்த வுட முடியுமா?" மஞ்சள் தொப்பியைத் தலையில் போட்டு, கண்ணாடி இல்லாததால் என்னையே கண்ணாடியாக வைத்துச் சரிசெய்தாள். "பன்னெண்டு பள்ளம் மிஸ்ஸி! பன்னெண்டுக்கும் ஒன்னுமில்ல," என்று சொல்லிவிட்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். பதினெட்டுப் பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

அவளைப் பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது. அடுத்தது நான்கு மணிக்கு. காவல் கூண்டில் இருந்த அண்ணன், "இன்டர்வியூவா?" என்றார். இல்லை என்றால் வெயிலில் நிற்க வேண்டும், ஆமாம் என்றால் நிழலில் நாற்காலி. ஆமாம் என்றேன். ஒரு படிவம் கொடுத்தார். நேரம் போக வேண்டுமே என்று முழுவதையும் நிரப்பினேன். படிப்பு என்ற இடத்தில் எனக்கிருப்பதை ஒன்று விடாமல் எழுதினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு, "இங்க வெள்ளத் தொப்பிலேர்ந்துதாம்மா ஆரம்பிக்கணும்," என்றார்.

மறுநாள் கஸ்தூரியின் கோப்பில் முன்னேற்றக் குறிப்பை எழுதினேன். கசிவு: இரண்டு சொட்டு. காரணம் என்ற கட்டத்தில் தும்மல், இருமல், பளு தூக்குதல் என்று அச்சடித்திருக்கிறது. எதுவும் பொருந்தாததால் பக்கத்தில் கையால் "சிரிப்பு, சுமார் பத்து நிமிடம்" என்று எழுதினேன். பிரிவுத் தலைவர் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, இது கசிவா முன்னேற்றமா, தெளிவுபடுத்தவும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

நான் திருத்தவில்லை. கோப்பு மூன்றாவது அலமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. அவள் அடுத்த மாதம் பரிசோதனைக்கு வருவாள். அப்போது உங்களில் ஒருவர் அதை எடுப்பீர்கள். நீங்களும் திருத்தாதீர்கள்.